இருசாயி நங்கையாவின் கூப்பாடு

எங்கூரப் பத்திச் சொல்லுன்னா, மொதல்ல எந்த மாவட்டம்னு கேப்பீங்க. அங்கதானுங்க வம்பே. நடுவளவு, மலை மேல திருப்புலி நாட்டுல கடைசி ஊரு. ஊடெல்லாம் நாமக்கல் மாவட்டத்துல இருக்குது. ஊட்டுக்குப் பொறத்தால ஒரு சரிவு எறங்குதுங்க, அதுல கொஞ்ச தூரம் போனா ஒரு எல்லைக்கல்லு நட்டிருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் திருச்சி மாவட்டம். எங்க மிளகுத் தோட்டம் முக்காவாசி அந்தப் பக்கந்தான். காலையில நாமக்கல்லுல காப்பி குடிச்சுப்போட்டு, திருச்சியில போயி வேலை செஞ்சுட்டு, மத்தியானக் கஞ்சிக்கு மறுபடியும் நாமக்கல் வந்துருவோம். யாருக்குங்க கெடைக்கும் இந்த யோகம்!

யோகமாவது மண்ணாங்கட்டியாவது. நாமக்கல் பக்கத்துத் தார் ரோடு கல்லுக்கிட்ட வந்து நின்னுரும், அந்தப் பக்கம் மண் பாதைதான். கல்லை ஒட்டி கோகிலவாணி பொட்டிக்கடை வெச்சிருக்கா, போனுக்கு டவர் கெடைக்கறது அங்கயும், சரிவுல ஒரு பாறை மேலயும் மட்டுந்தான். அதனால ஊருக்குள்ள ஒரு பழக்கம் வந்துருச்சு. எந்தக் காரியத்துக்கு எந்தப் பக்கம் சௌகரியமோ, அன்னிக்கு அந்தப் பக்கத்துக்காரங்க ஆயிருவோம். மாட்டு டாக்டரு அந்தப் பக்கம் சீக்கிரம் வருவாருன்னா நாங்க திருச்சி. பஸ்ஸு இந்தப் பக்கம் நல்லா ஓடுதுன்னா நாமக்கல். எங்களுக்கே சிரிப்பா இருக்கும். அந்தச் சிரிப்பு எங்க போயி முடிஞ்சுதுன்னு அப்பறம் சொல்றேன்.

நான் சொல்ல வந்தது என்ற நங்கையா இருசாயியப் பத்தி. எங்கண்ணன் தனபாலுக்கு வாக்கப்பட்டு வந்தது. என்ற ஊடும் அதே வளவுலதான், என்ற ஊட்டுக்காரரு கார்த்தி சரக்கு வண்டி ஓட்டறாரு. பொழுது விடிஞ்சா பொழுது போனா நங்கையா மொகத்துலதான் முழிக்கறேன், அதனால எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.

நங்கையா ஒரு பயந்தாங்கொள்ளிங்க. பயம்னா அப்படி இப்படி இல்ல. பஸ்ஸு சித்த லேட்டானாப் போதும், கல்லுக்கிட்டப் போயி நின்னுக்கும். ஆட்டுக்குட்டி ஒண்ணு கத்தாமப் படுத்திருந்தா எழுப்பிப் பாக்கும். மக ஆர்த்தி சேலத்துல வேலைக்கு இருக்கறா. அவ போன எடுக்கலீன்னா கூட இருக்கற புள்ளைங்க அத்தன பேருக்கும் போன் போகும். ஒருக்கா அந்தப் புள்ள குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஹாஸ்டலே வாசல்ல கூடிருச்சு. "அம்மா, என்ற மானத்த வாங்காதே"ன்னு அழுதுட்டா பாவம்.

ஆனா சும்மா வந்த பயமில்லீங்க. நங்கையாவோட அப்பா செங்கோடன் மிளகு மரத்துல இருந்து விழுந்து செத்தவரு. மேகம் எறங்கி இருந்த நாளு. ஊட்டுல இருந்தவங்க மனுசன் சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருப்பாருன்னு நெனச்சுட்டாங்க. பொழுது சாயத்தான் தேடிப் போனாங்க. அப்ப நங்கையா சின்னப் புள்ள. "ஒருத்தராச்சும் கூப்பிட்டிருந்தா எங்கப்பன் முனகியாச்சும் இருப்பாரு"ன்னு இன்னிக்கும் சொல்லும். சொல்லும்போது மூக்க உறிஞ்சிட்டு வேற வேலையப் பாக்கப் போயிரும்.

மிளகு பறிக்கறதப் பாத்திருக்கீங்களா? சில்வர் ஓக் மரம் ஒவ்வொண்ணும் மொட்டையா வானத்துக்கு நிக்கும், அதுல கொடி ஏறியிருக்கும். ஒத்த மூங்கில்ல ஏணி. கணுவுல வெட்டி உட்ட குச்சியில பெருவெரல மட்டும் ஊனி ஏறோணும். மரத்தோட ஏணியக் கட்டிப்போட்டு, இடுப்புல சாக்கத் தொங்க உட்டுக்கிட்டு ஆம்பளைங்க மேல பறிப்பாங்க. பொம்பளைங்க கீழ உதுந்தத பொறுக்குவோம். தை மாசத்துல மேகம் எறங்கிருச்சுன்னா ஏணியோட அடிதான் தெரியும், மேல ஆளு இருக்கறது தெரியாது. அதனால கீழ இருந்து "ஓய்..."னு ஒரு கூப்பாடு, மேல இருந்து "ஓ..."ன்னு ஒரு பதிலு. அது எங்க தோட்டத்து வழக்கம். ஏறினதும் ஒருக்கா, எறங்கறதுக்கு முன்னால ஒருக்கா. எல்லா ஊட்டுலயும் அவ்வளவுதான்.

நங்கையா அப்படியா? வாயி ஓயாது. ஒரு கைப்பிடி பொறுக்கறதுக்குள்ள "ஓய்..."னு கூப்பிடும். அண்ணன் "ஓ..."ன்னுவாரு. அடுத்த கைப்பிடிக்கு மறுக்கா. அண்ணன் நல்ல மனுசன், வருசக்கணக்கா சலிக்காமக் குரல் குடுத்தாரு. ஊர்தான் சிரிச்சுது. பக்கத்துத் தோட்டத்துக் குப்புசாமி இருக்கறாரே, அவருக்கு வாயி சும்மா இருக்காது. ஒருநா சாயங்காலம் கோகிலவாணி கடையில வெச்சு, அத்தன பேரு நிக்கறப்ப, "ஏந் தனபாலு, மரத்து மேல நிம்மதியா ஒரு பீடி இழுக்கக்கூட உன்ற பொண்டாட்டி உடறதில்லையாமா?"ன்னு கேட்டுட்டாரு. கடையே சிரிச்சுது. அண்ணன் டீயப் பாதியில வெச்சுட்டு வந்துட்டாரு.

மறுநா காலையில அவங்க ஊட்டுல சண்டை. எங்கூட்டு வரைக்கும் கேட்டுச்சு.

"இன்னிக்கு உன்ற சத்தம் ஒண்ணு கேக்கக் கூடாது. நீ தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் நான் குரல் குடுக்கமாட்டேன், ஆமா!"

"குடுக்காட்டிப் போங்க. யாரு கெஞ்சறாங்க இங்க?"

ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தாங்க. நானும் போனேன். கண்ணு தெரியாத மேகம். அண்ணன் ஏணியத் தோள்ல போட்டுக்கிட்டு, நங்கையா பக்கம் திரும்பாம, சரிவுல கடைசி மரத்துக்குப் போயிட்டாரு. வேணும்னே தூரமாப் போனாரு.

நங்கையா கொஞ்ச நேரம் அடக்கிப் பாத்துச்சு. முடியல. "ஓய்..."னு கூப்பிட்டுச்சு. பதிலில்ல. மறுக்கா கூப்பிட்டுச்சு. பதிலில்ல. மூணாவது தடவை குரலு நடுங்குச்சு. அப்பப் பாத்து வேறொரு மரத்து மேல இருந்து குப்புசாமி, "ஓ... நான் இருக்கறேன் தங்கச்சி, பயப்படாதே!"ன்னு கத்திச் சிரிச்சாரு. அங்க இங்க பொறுக்கிட்டிருந்த பொம்பளைங்களும் சிரிச்சாளுங்க. நங்கையா மூஞ்சி செவந்து போச்சு.

"நானு போயி எட்டிப் பாத்துட்டு வாரேன் நங்கையா"ன்னேன்.

"வேண்டா அம்மிணி. அவரு இருக்கறாரு, வீம்புக்குப் பேசாம இருக்கறாரு. போனா இன்னும் கத்துவாரு. எத்தன நாளைக்குத்தான் நானும் ஊருக்குச் சிரிப்பா இருக்கறது? இனிக் கூப்பிட்டா நான் இருசாயி இல்ல."

சொன்னபடி வாய மூடிக்கிட்டுது. பொறுக்கின மிளகு கூடையில விழுகாம வெளிய விழுந்துட்டு இருந்துச்சு, அது கூடத் தெரியல. நான் ஏதேதோ பேசினேன், ஒண்ணும் காதுல ஏறல. நிமிர்ந்து நிமிர்ந்து அந்தக் கடைசி மரத்துப் பக்கமே பாக்கும், மறுபடியும் குனிஞ்சுக்கும். புருசன் பொண்டாட்டி சண்டையில நான் எங்க போயி நடுவுல நிக்கறது?

கஞ்சி குடிக்கற நேரத்துக்கு ஆம்பளைங்க எறங்கி வந்தாங்க. குப்புசாமியும் வந்தாரு. "தனபாலு எங்க? எனக்கு முன்னாலயே வந்திருப்பான்னு நெனச்சேன்"னாரு.

நங்கையா கூடைய உதறிட்டு ஓடுச்சு. அந்தச் சரிவுல ஆடே பாத்துத்தான் எறங்கும். அப்படி ஓடுச்சு. நானும் குப்புசாமியும் பின்னாலயே ஓடினோம்.

கடைசி மரத்துக்கடியில அண்ணன் மல்லாக்கக் கெடந்தாரு. ஏணி மேல்கட்டு நழுவி, பக்கத்துல சாஞ்சு கெடந்துச்சு. சாக்குல இருந்த மிளகெல்லாம் அவரு மேல செதறியிருந்துச்சு. கண்ணு முழிச்சுத்தான் இருந்தாரு. நெஞ்சுல அடிபட்டதுல குரல் எழும்பல. நங்கையா பக்கத்துல போயி விழுந்துச்சு. அண்ணன் அது மூஞ்சியப் பாத்துக் காத்தாட்டம் கேட்டாரு.

"ஏம் புள்ள கூப்பிடறத நிறுத்திட்ட?"

ஐயோ சாமி! அதக் கேட்டப்ப எனக்கு வந்த அழுகை, இப்பச் சொல்லும்போதும் வருது பாருங்க. நங்கையா கூப்பிட்ட மூணு கூப்பாட்டையும் மேல இருந்து கேட்டிருக்காரு. வீம்புக்குப் பேசாம இருந்திருக்காரு. அப்பறந்தான் விழுந்திருக்காரு. விழுந்த எடத்துல இருந்து, இன்னொருக்கா கூப்பிடுவா, கூப்பிட்டுட்டே கிட்ட வருவா, நம்ம முனகறது கேக்கும்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்திருக்காரு. அவ்வளவு நேரமும்.

நங்கையா தன் வாயில தானே படார் படார்னு அடிச்சுக்கிட்டுது. நாந்தான் கையப் புடிச்சு நிறுத்தினேன். குப்புசாமி அங்கயே உக்காந்துட்டாரு, மூஞ்சியில ரத்தமே இல்ல.

அண்ணன் காலு ரெண்டும் அசையல.

"எந்திரிங்க, போன் போடுங்க!"ன்னு குப்புசாமியத் திட்டி உட்டேன். அவரு டவர் கெடைக்கற பாறைக்கு ஓடினாரு. டவர் கெடைக்குமோ என்னமோன்னு நான் கல்லுக்கிட்ட கோகிலவாணி கடைக்கு ஓடினேன். "ஆம்புலன்சக் கூப்பிடு புள்ள"ன்னு சொல்லிட்டு, கடையில இருந்த கம்பளியத் தூக்கிக்கிட்டு மறுபடியும் கீழ வந்தேன். அண்ணன் ஏறின அதே மூங்கில் ஏணியில கம்பளியத் தூளியாக் கட்டி, நாலஞ்சு பேரு தூக்கிக்கிட்டு மேல வந்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அண்ணன் பல்லக் கடிப்பாரு. நங்கையா கூடவே வந்துச்சு, "ஏனுங்க"ங்கும். அவரு "உம்"முன்னுவாரு. "ஏனுங்க." "உம்." இப்படியே கல்லு வரைக்கும்.

கல்லுக்கிட்ட எறக்கி வெச்சுட்டு வண்டிக்குக் காத்துக் கெடந்தோம். இந்தப் பக்கம் பாக்கறோம், அந்தப் பக்கம் பாக்கறோம், மேகந்தான் வருது. நங்கையா அண்ணன் காலு ரெண்டையும் மடியில எடுத்து வெச்சுத் தேச்சுது. "தெரியுதாங்களா?"ன்னு கேக்கும். அண்ணன் தலைய ஆட்டுவாரு, இல்லீன்னு. இன்னும் பலமாத் தேய்க்கும். சில்லுன்னு கெடந்துச்சுங்க அந்தக் காலு. நேரம் போயிட்டே இருந்துச்சு. எதோ தப்பா இருக்குதேன்னு எனக்குப் பட்டுச்சு.

"ஏம் புள்ள, நீ என்னன்னு சொன்ன?"ன்னு கோகிலவாணியக் கேட்டேன்.

"நாமக்கல் பக்கம், நடுவளவுன்னு சொன்னேன். பொறவு ஆம்புலன்சுக்காரங்களே திருப்பிக் கூப்பிட்டு, திருச்சிப் பக்கத்துல இருந்தும் இதே ஆளுக்குக் கேட்டிருக்காங்களாமே, அந்த வண்டி வருதான்னு கேட்டாங்க. ஆமாங்க, அது வந்தாப் போதும்னேன். அந்தப் பக்கந்தான கிட்ட?"

குப்புசாமி அப்படியே தலையில கைய வெச்சாரு. "நான் தோட்டம் திருச்சிப் பக்கந்தானேன்னு அங்க சொன்னேன். அவங்களும் கூப்பிட்டு, நாமக்கல் வண்டி வருதான்னு கேட்டாங்க. சரி ரோடு இருக்கற பக்கம் வர்றதுதான் நல்லதுன்னு, அதே வரட்டும்னு சொல்லிப்போட்டேனே!"

வெளங்குச்சா? ரெண்டு பக்கத்துக்காரங்களும் வாறேன்னுதான் சொன்னாங்க. நாங்கதான் ரெண்டையும் வேண்டாம்னுட்டோம். எது சௌகரியமோ அந்தப் பக்கத்துக்காரங்க ஆகி ஆகி, ஒரு உசுரு கெடக்கற நேரத்துல எந்தப் பக்கமும் இல்லாமப் போயிட்டோம். கோகிலவாணி அழுதுட்டே மறுபடியும் போன் அடிச்சா. நங்கையா யாரையும் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட தேவலை. காலத் தேச்சுக்கிட்டே இருந்துச்சு.

அந்த நேரத்துல சோளக்காட்டுச் சந்தையில சரக்கு எறக்கிட்டு என்ற ஊட்டுக்காரரு வண்டி வந்துச்சு. சாமி கும்புட நேரமில்ல, தூளியோட தூக்கி வண்டியில வெச்சோம். எதுக்க ஆம்புலன்சு வந்தா அதுல மாத்திக்கலாம்னு கெளம்பிட்டோம். நங்கையா அண்ணன் தலைய மடியில வெச்சுக்கிட்டுது, நான் இடுப்பு அசையாமப் புடிச்சுக்கிட்டேன். எங்க மலை ரோடப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஒரு வளைவு முடியும், அடுத்தது நிக்கும். அது முடியும், அடுத்தது. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி சாயும், அண்ணன் கண்ணு சொருகும். நங்கையா "ஏனுங்க!"ன்னு கூப்பிடும். "உம்." ஒருக்கா பதில் வரல. "ஏனுங்க! மாமா! குரல் குடுங்க மாமா!"ன்னு அது கத்துன கத்துல, முன்னால ஸ்டியரிங்கப் புடிச்சிருந்த என்ற ஊட்டுக்காரரே "ஓ"ன்னுட்டாரு. அப்பறந்தான் அண்ணன் "உம்"முன்னாரு. பாதி மலையில ஆம்புலன்சு எதுக்க வந்துச்சு, மாத்தினோம். அதுலயும் நங்கையா வாயி ஓயல.

ஆஸ்பத்திரியில கதவச் சாத்திட்டாங்க. கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டும் கூப்பிட்டுச்சு. நர்சம்மா வந்து, "சத்தம் போடாதீங்கம்மா, அவருக்கு மயக்க மருந்து குடுத்திருக்கு, பேசமாட்டாரு"ன்னு தோளத் தொட்டுச் சொல்லுச்சு. அதுக்கு மேல சத்தம் போடல. உதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு.

உசுரு தங்குச்சுங்க. முதுகெலும்புல ஆபரேசன். ஒரு காலு திரும்பி வந்துச்சு, இன்னொண்ணு அரைகுறையா வந்துச்சு. தடி ஊனி இழுத்து இழுத்து நடக்கறாரு. இனி மரம் ஏற வழியில்ல. குப்புசாமி வந்து, "நான் ஏறிப் பறிச்சுத் தாரேன் தங்கச்சி, ஒண்ணும் வேண்டாம் எனக்கு"ன்னு நின்னாரு. நங்கையா கேக்கல. "உங்க மரத்த நீங்க பாருங்க அண்ணா. என்ற மரத்துக்கு நான் ஏறிக்கறேன்"னுட்டுது.

பொம்பள மிளகு மரம் ஏறறதான்னு ஊரு மொணமொணன்னுது. ஆட்டுக்குட்டி படுத்திருந்தாப் பயப்படற பொம்பள, ஒத்த மூங்கில்ல கால வெச்சு ஏறுச்சுங்க. எறங்கினதும் அப்படியே குத்த வெச்சு உக்காந்துக்கும், மூஞ்சி வெளுத்திருக்கும். "எதுக்கு நங்கையா இந்தப் பாடு?"ன்னு கேட்டா, "வேற யாராச்சும் ஏறினா அவங்களுக்கு யாரு கூப்பிடுவா?"ன்னு கேக்கும்.

இப்பக் கீழ உக்காந்து கூப்பிடறது அண்ணன். சாக்கு விரிச்சு, தடியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, மரத்துக்குக் கொஞ்சம் எட்டி உக்காந்துக்குவாரு. "இருசாயீ..."ம்பாரு. "ஓ..."ன்னு வரும். நங்கையாவ விட மோசம்! ஒரு கைப்பிடிக்கு ரெண்டு கூப்பாடு. ஊருல ஒருத்தரும் சிரிக்கறதில்ல.

போன வாரம் நடந்தத சொல்லி முடிச்சர்றேன். நல்ல மேகம். நானும் அண்ணனும் கீழ, நங்கையா மேல. அன்னிக்கு அந்தக் கடைசி மரம். அண்ணன் கூப்பிட்டாரு.

"இருசாயீ..."

பதிலில்ல.

"இருசாயீ..."

இல்ல. பக்கத்து மரத்துல குப்புசாமி கை நின்னுருச்சு, "தங்கச்சீ!"ன்னு அவரும் கூப்பிட்டாரு. ஒண்ணுமில்ல. எல மேல தண்ணி சொட்டற சத்தந்தான். அண்ணன் தடியத் தேடல. எந்திரிக்கப் பாத்து விழுந்தாரு. நான் புடிக்கறதுக்குள்ள கையால ஊனி, சேத்துல காலை இழுத்துக்கிட்டு மரத்துக்கடிக்குப் போயிட்டாரு. ஏணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "இருசாயீ! ஏய் இருசாயீ! வாயத் தொற புள்ள!"ன்னு கொழந்தையாட்டம் அழுதாரு. நான் ஏணியில கால வெச்சுட்டேன்.

அப்ப ஏணி ஆடுச்சு. மேகத்துக்குள்ள இருந்து பாதம் தெரிஞ்சுது, அப்பறம் சேலை. நங்கையா எறங்கி வந்துச்சு. ரெண்டு கையும் ஏணியில. இடுப்புச் சாக்கு முடிச்சு அவுந்து போயி, ரொம்பின சாக்கோட கயித்தப் பல்லுல கடிச்சுப் புடிச்சிருந்துச்சு. கீழ வந்து சாக்கத் தரையில வெச்சுட்டுத்தான் வாயத் தொறந்துச்சு. ஒதட்டோரம் கயிறு அறுத்து ரத்தம்.

"வாயத் தொறந்தா இத்தன மிளகும் பள்ளத்துக்குப் போயிருமுங்க. அப்பறம் கேட்டா உங்க சத்தம் நேராக் கீழ இருந்து வருது, உங்க தலையில போட்டுட்டா?"

"மிளகு போனாப் போவுது!"ன்னு கத்துனாரு அண்ணன். மூஞ்சியெல்லாம் சேறும் கண்ணீரும். "என்ற தலையில விழுந்தா விழுவுது. நீ ஒரு சத்தம் குடுக்கறதுக்கென்ன? சித்த நேரந்தான்... எனக்கு உசுரே போயிருச்சு புள்ள."

நங்கையா முந்தானையால அவரு மூஞ்சியத் தொடச்சு உட்டுச்சு. கோவமில்ல, ஒண்ணுமில்ல. மெதுவாத்தான் சொல்லுச்சு.

"எனக்கு அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் போயிருந்துச்சுங்க."

அண்ணன் அது கையப் புடிச்சு வெச்சுக்கிட்டாரு. நான் அந்தப் பக்கம் திரும்பி, செதறாத மிளகப் பொறுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு நங்கையா எந்திரிச்சு, காலிச் சாக்கு ஒண்ண எடுத்து இடுப்புல ரெண்டு முடிச்சாப் போட்டுக்கிட்டுது. அண்ணனக் கைத்தாங்கலாக் கூட்டிப் போயி அவரு எடத்துல உக்கார வெச்சுட்டு, மறுபடியும் ஏணியில கால வெச்சுது. தல மேகத்துக்குள்ள போச்சு, சேலை போச்சு, பாதம் போச்சு.

அண்ணன் இன்னும் வாயே தொறக்கல. மேல இருந்து "ஓ..."ன்னு சத்தம் வந்துச்சு.